கழிப்பறைச் சாவி

பத்து வருடமாக அந்தச் சாவியை யாரும் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை.

அடைக்கலமேரி வீட்டு நிலைக்கு வெளியே சுவரில் ஓர் ஆணி. ஆணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேக்குத் துண்டு. அதன் ஓட்டையில் கோத்த சாவி. வேண்டியவர் எடுத்துப் போவார், வேலை முடிந்ததும் கொண்டுவந்து மாட்டுவார். ஆணி வெறுமையாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பள்ளத்தூரில் அந்தப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். முன்வாசல் பூட்டியே கிடந்தது. ஒரு காலத்தில் நெல்லும் விறகும் அடைத்த பின்கட்டைத் தடுத்து மூன்று குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மூன்று குடும்பத்துக்கும் கிணற்றுக்கு அப்பால் ஒரே ஒரு கழிப்பறை. பின்சந்தில் வருகிறவர் போகிறவர் எல்லாம் நுழைந்துவிட்டதால்தான் அதற்குப் பூட்டு வந்தது. கழுவுவதற்கு வாரம் ஒரு வீட்டு முறை. முறை தப்பினால் முத்தழகு விடமாட்டாள்.

"ஏக்கா, இது வேதக்காரவுக வாரமில்ல? உங்க சாமி ஞாயித்துக்கெழம லீவு குடுத்தாரு சரி, கக்கூசுக்குமா லீவு குடுத்தாரு?"

அடைக்கலமேரி சிரித்துக்கொண்டே வாளியை எடுப்பாள். அவளுக்கு ஐம்பத்தோரு வயது. கல்லல் போகும் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். புருஷன் போய்ச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. மிச்சம் இருந்தது ஒரே மகள் ரீனா. இருபத்து மூன்று வயதில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே ரீனாவுக்கு இழுப்பு. பனியும் தூசியும் ஆகாது. உதடு நீலம் பாரித்த மகளை மடியில் போட்டுக்கொண்டு காரைக்குடிக்கு ஓடியது மூன்று தடவை. மூன்று தடவையும் வண்டி ஓட்டியது முத்தழகின் புருஷன் கருத்தையாதான். வெங்காயமும் தக்காளியும் ஏற்றுகிற அவனுடைய லோடு ஆட்டோவில் பாயை விரித்து, "பயப்படாதீகக்கா, இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போவான்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருடம் மே மாதத்தில் அந்தக் கருத்தையாவுக்குக் கொரோனா வந்தது. முத்தழகுக்கும் லேசாக இருந்தது. அவனை ஆஸ்பத்திரிக்கும் அவளைப் பள்ளிக்கூடத்து முகாமுக்கும் கொண்டுபோனார்கள். பதின்மூன்று நாள் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். கருத்தையாவின் சட்டைக்குள் வேறு யாரோ இருப்பதுபோல் இருந்தது. அவ்வளவு இளைத்திருந்தான். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வயிறு வேறு போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம், மூன்றாவது வீட்டு அலெக்ஸ் தன் செல்போனை எடுத்துக்கொண்டு அடைக்கலமேரியிடம் வந்தான். கல்லலில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கர். ஊரடங்கிலும் அவனுக்கு வேலை இருந்தது. உரமும் கடனும் கேட்டுக் கூட்டம் வந்துகொண்டே இருக்கும்.

"பெரியம்மா, இதக் கொஞ்சம் பாருங்க."

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அதில் பேசிக்கொண்டிருந்தார். மூக்கிலும் தொண்டையிலும் கிருமி போன பிறகும் மலத்தில் ஒரு மாதம் வரை இருக்குமாம். தண்ணீர் ஊற்றும்போது கண்ணுக்குத் தெரியாத சாரலாக எழும்பிக் காற்றில் கலக்குமாம். முன்பு இதே மாதிரி ஒரு நோய் வந்தபோது, வெளிநாட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக் குழாய் வழியாகவே வீடு வீடாகப் பரவியதாம்.

"நம்ம கக்கூசு ஒண்ணுதான பெரியம்மா? நா சொல்லிட்டேன். அப்பறம் உங்க இஷ்டம். ரீனாவுக்கு நெஞ்சு வேற சரியில்ல."

அடைக்கலமேரி தலையைத் திருப்பினாள். அவள் வீட்டு ஒரே சன்னல் கிணற்றடியைப் பார்த்தது. பன்னிரண்டு அடி தூரத்தில் கழிப்பறைத் தொட்டியின் காற்றுக்குழாய் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. பத்து வருடமாக நிற்கிற குழாய்தான். சன்னலுக்கு நேர் கீழே ரீனாவின் கட்டில் கிடந்தது.

அந்தக் கணத்தில் அவளுக்கு வந்த பயத்தைச் சொல்லி மாளாது. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள். இடுக்கில் பழைய சேலையைச் சுருட்டித் திணித்தாள். பிறகு வெளியே போய், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் முத்தழகு வந்தாள். வெற்று ஆணியைப் பார்த்து ஓரமாக நின்றாள். கால் மணி நேரம் நின்றிருப்பாள். பிறகுதான் அலெக்ஸின் மனைவி பெனிட்டா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அலெக்ஸ் வேலைக்குத் திரும்பியிருந்தான். ரீனா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் கழிப்பறையில் யார் இருக்கிறார்கள்?

"மேரிக்கா... சாவிய எங்கயாச்சும் வச்சுட்டீகளா? அவரால நிக்க முடியலக்கா."

அடைக்கலமேரி நிலையைத் தாண்டி வரவில்லை. முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள்.

"முத்தழகு, தப்பா நெனக்காத. ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் நீங்க வேற எங்குட்டாச்சும் போயிக்கங்க. அதுல இருந்து பரவுதாம்ல. நா எம்புள்ளைய வச்சுக்கிட்டு..."

"எங்களுக்குச் சரியாப் போச்சுன்னு சீட்டுக் குடுத்துத்தானக்கா அனுப்பியிருக்காக?"

"சீட்டு மூக்குக்குத்தான குடுத்தாக?"

முத்தழகு வாயைத் திறந்தாள். எப்போதும் அந்த வாயில் பதிலுக்கு ஒரு பதில் இருக்கும். அன்றைக்கு இல்லை. "சரிக்கா" என்று போய்விட்டாள். அந்தச் சரிக்கா அடைக்கலமேரியின் காதில் அன்று முழுதும் கிடந்தது.

பின்கட்டைத் தாண்டினால் சந்து. சந்தைத் தாண்டினால் ஊருணி. ஊருணிக் கரைக்கு அப்பால் சீமைக்கருவேலங்காடு. ஒரு பிளாஸ்டிக் வாளியும், புருஷனின் தோளுக்கு அண்டை கொடுத்த தன் தோளுமாக முத்தழகு அந்த வழியே போவதைச் சன்னல் இடுக்கில் திணித்த சேலையைச் சற்று விலக்கி ரீனா பார்த்தாள்.

"அம்மா, சாவியக் குடும்மா."

"படிச்சுக்கிட்டிருக்கவ படி."

"கருத்தையாண்ணன் என்னயத் தூக்கிட்டு ஓடுனப்ப எனக்கு என்ன நோவுன்னு கேட்டுட்டா வண்டிய எடுத்தாரு?"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ மூச்சு விடு. எனக்கு அது போதும்."

மே மாதம் கத்தோலிக்கர்களுக்கு மாதாவின் வணக்க மாதம். முப்பத்தோரு நாளும் மாலையில் கோயிலில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். அந்த வருடம் கோயில் சாத்தியிருந்ததால், அடைக்கலமேரியின் அறையில் மாதா படத்துக்கு முன்னால் நான்கு பேரும் கூடினார்கள். அவளும் ரீனாவும், அலெக்ஸும் பெனிட்டாவும். "நாம என்ன வெளியாளா" என்பார்கள். அலெக்ஸுக்கு நல்ல குரல். அவன் பாட்டெடுத்தால் ஓடு அதிரும். செவ்வாய்க்கிழமை முதல் சன்னல் மட்டுமல்ல, கிணற்றடி நாற்றம் வரக்கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டார்கள். மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்தினார்கள். நான்கு பேரும் முழங்காலில் நெருக்கியடித்து நின்று முக்கால் மணி நேரம் உரத்துச் செபித்தார்கள். வியர்வை வழிந்தது. அது தவம் என்று அடைக்கலமேரி நினைத்தாள்.

வியாழக்கிழமை கிராம செவிலியர் பொன்னுத்தாயி வந்தாள். வெயிலில் கறுத்து, இரண்டு முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. காலையிலிருந்து அது எத்தனையாவது வீடோ. கருத்தையாவைப் பார்த்துவிட்டு முற்றத்து நடுவில் நின்றே பேசினாள். யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை.

அடைக்கலமேரி தன் வாசலில் நின்று கேட்டாள். "நர்சம்மா, மலத்துல இருந்து இது பரவுமாம்ல? நெசமா?"

"மலத்துல அந்தக் கிருமியோட தடம் இருக்கு. அதச் சோதனையில பாத்துருக்காக. ஆனா அதுல இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுனதா உறுதியாக் கண்டது ரொம்ப அபூர்வம். இது மூச்சுல போற சனியன். கக்கூச பிளீச்சிங் போட்டுக் கழுவுங்க, கையச் சோப்புப் போட்டுத் தேயுங்க, ஒருத்தர் போயிட்டு வந்தா கொஞ்ச நேரங்கழிச்சு அடுத்தவுக போங்க. அது போதும்."

"பரவவே பரவாதுன்னு சொல்லுவீகளா?"

பொன்னுத்தாயி பொய் சொல்லாதவள். ஒரு நொடி யோசித்தாள். "அப்படி அடிச்சுச் சொல்ல எனக்குப் படிப்புப் பத்தாது. படிச்சவுகளே சொல்ல மாட்டாக. ரொம்பக் கம்மின்னுதான் சொல்லுவேன்."

பயந்தவள் காதில் 'ரொம்பக் கம்மி' நுழையவில்லை. 'அடிச்சுச் சொல்ல முடியாது' மட்டும்தான் நுழைந்தது.

"இங்க கக்கூசு எல்லாருக்கும் பொதுதான?" என்று பொன்னுத்தாயி சுற்றிலும் பார்த்துக் கேட்டாள்.

பெனிட்டா குனிந்து வாளியை நகர்த்தினாள். அடைக்கலமேரியின் இடுப்பில் தேக்குத் துண்டு குத்தியது. முத்தழகு தன் வாசலிலிருந்து அந்த வெற்று ஆணியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரசாங்க ஆள் முன்னால் எல்லார் முகத்திலும் கரி.

"ஆமா நர்சம்மா" என்றாள் முத்தழகு. "பொதுதான்."

பொன்னுத்தாயி கிளம்பும்போது அடைக்கலமேரியைப் பார்த்து, "உங்க சன்னல ஏன் இப்படி அடச்சு வச்சுருக்கீக? நெஞ்சு சரியில்லாத புள்ள இருக்கிற வீடு" என்றாள்.

"கொசு" என்றாள் அடைக்கலமேரி.

அன்று மாலை ஜெபமாலையில் அலெக்ஸ் இரண்டு தடவை இருமினான். "ஐஸ் தண்ணி குடிச்சுட்டேன் பெரியம்மா" என்று சிரித்தான். வணக்கம் முடிந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தபோது, ஒரு கயிறுபோல் எழுந்த புகைக்குப் போக வழியில்லை. அது மெல்ல விரிந்து நான்கு பேர் முகத்துக்கு நேரே வெகுநேரம் நின்றது. ரீனா கையால் விசிறிக்கொண்டாள். அடைக்கலமேரி அதைப் பார்த்தாள். பார்த்தாள், ஆனால் அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் ஊருணிப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. "ஆத்தீ... யாராச்சும் வாங்களேன்..." முத்தழகின் குரல். கருத்தையா முள்ளுக்காட்டில் மயங்கி விழுந்திருந்தான். கல்லில் மோதிப் புருவத்துக்கு மேல் பிளந்துவிட்டது. ஊருணியில் முகம் கழுவ வந்த யாரோ இரண்டு பேர் தூக்கிப் போய்ச் சுகாதார நிலையத்தில் தையல் போட்டு வந்தார்கள். ஐந்து தையல்.

அடைக்கலமேரி வெளியே வரவில்லை. அடுப்படியில் நின்று கைகளைப் பிசைந்தாள். சாவியை எடுத்தாள், வாசல்வரை போனாள், திரும்பினாள். பிறகு இன்னும் ஒரு முறை. 'மாதாவே, நான் பொல்லாதவ இல்ல, பயந்தவ' என்று சொல்லிப் பார்த்தாள். படத்திலிருந்த மாதா எப்போதும் போலவே பார்த்தாள். சாவி இடுப்புக்கே திரும்பிப் போனது.

திங்கட்கிழமை காலை ரீனா எழுந்திருக்கவில்லை. நெற்றி கொதித்தது. "தலைக்குள்ள யாரோ உரல் இடிக்கிறாகம்மா" என்றாள்.

அடைக்கலமேரியின் மனதில் முதலில் எழுந்தது கோபம். முத்தழகு எப்படியோ பூட்டைத் திறந்து உள்ளே போயிருக்கிறாள். எப்படியோ அவளுடைய அழுக்கு இங்கே வந்திருக்கிறது. செருப்புக்கூட இல்லாமல் கிணற்றடியைத் தாண்டி ஓடினாள். கழிப்பறை வாசலில் போய் நின்றாள்.

பூட்டு பூட்டியபடி இருந்தது.

அவள் திறந்து பார்த்தாள். காலையும் மாலையும் தானே தூவிய பிளீச்சிங் பவுடர் தரையில் வெள்ளையாக உலர்ந்து கிடந்தது. ஆறு நாளாக அந்த வீட்டிலிருந்து ஒரு கால்தடம் இதற்குள் படவில்லை. அவளுக்குத் தெரியும். சாவி தூக்கத்திலும் அவள் இடுப்பைவிட்டு நகரவில்லை. அப்படியானால் இது எந்த வழியாக வந்தது? எந்த வாசலை அவள் காக்காமல் விட்டாள்?

பொன்னுத்தாயி வந்தாள். மூக்கிலும் தொண்டையிலும் குச்சிவிட்டுச் சோதனைக்கு எடுத்தாள். ரீனாவின் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்னக் கருவியை மாட்டினாள். தொண்ணூற்று நாலு.

"இந்த அறைக்குள்ள யார் யார் வந்தாக?"

"வெளியாள் யாரும் வரல நர்சம்மா. அலெக்ஸும் பெனிட்டாவும் மட்டும். அவுகளும் ஜெபத்துக்குத்தான்."

"எத்தன நேரம்?"

"முக்கா மணி நேரம்."

"சன்னலு?"

அடைக்கலமேரி சன்னல் இடுக்கைப் பார்த்தாள். பொன்னுத்தாயி தானே போய் அந்தச் சேலைச் சுருளை இழுத்து எறிந்து சன்னலைத் திறந்தாள். வெளிச்சமும் காற்றும் கிணற்றடி ஈர வாடையும் ஒன்றாக உள்ளே வந்தன. ரீனா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காற்றை இழுத்தாள்.

அப்போதுதான் அடைக்கலமேரிக்கு அந்தப் புகை ஞாபகம் வந்தது. போக்கிடம் இல்லாமல் நாலு முகத்துக்கு நடுவே நின்ற புகை. அலெக்ஸின் இருமல். ஓடு அதிரப் பாடிய பாட்டு.

"கக்கூசுல இருந்து... வந்திருக்காதா நர்சம்மா?" கேட்கும்போதே அவள் குரல் பிச்சை கேட்டது.

"எதையும் சத்தியம் பண்ண மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன். ஆனா கருத்தையாவுக்குப் பூட்டிக் கெடந்த கக்கூசுல இருந்து அவரோட நோய் வரலங்கிறதுக்கு மட்டும் சத்தியம் பண்ணுவேன்." பொன்னுத்தாயிக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. ஐந்து தையலை அவள்தான் துடைத்துக் கட்டியிருந்தாள்; கருத்தையா முள்ளுக்காட்டில் விழுந்தது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "குப்புறப் படுக்க வைங்க. கருவி இங்கயே இருக்கட்டும், அப்பப்ப நம்பரப் பாருங்க. தொண்ணூத்தி ரெண்டுக்குக் கீழ போனா எனக்குப் போன் போடுங்க. படுக்கை கெடைக்கிறது கஷ்டம். நான் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னாள்.

சோதனை முடிவு வந்தபோது, ரீனாவுக்கு மட்டுமல்ல, அலெக்ஸுக்கும் பெனிட்டாவுக்கும் இருந்தது. கூட்டுறவு சங்கத்தில் மூன்று பேருக்கு இருந்தது. அடைக்கலமேரிக்கும் இருந்தது. அலெக்ஸும் பெனிட்டாவும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். அலெக்ஸ் சன்னல் வழியாக ஒரே ஒரு தடவை, "பெரியம்மா, நான்தான்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் அழுதான். சொந்தக்காரர்கள் போனில் அழுதார்கள். பங்குச்சாமியார் ஒருவரை அனுப்பி வாசலில் அரிசிப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதற்கு மேல் அந்த நாட்களில் யாராலும் முடியாது.

புதன்கிழமை மத்தியானம் ரீனாவுக்கு வயிறு போக ஆரம்பித்தது. தொண்ணூற்று மூன்று. மகளைத் தூக்கி நிறுத்தினாள் அடைக்கலமேரி. அவளுக்கே காலில் எலும்பு இல்லாததுபோல் இருந்தது. நிலையைத் தாண்டி நாலு எட்டு வைத்தார்கள். ஐந்தாவது எட்டில் தாயும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். கழிப்பறை முப்பது அடி தூரம். ஊருணிக்கரை முள்ளுக்காடு முந்நூறு அடி இருக்கும். அந்த முந்நூறு அடியைக் கருத்தையா எப்படி நடந்தான் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது. ரீனாவின் மூச்சு விசில் அடித்தது. தாயின் தோளில் முகத்தைப் புதைத்து, "அசிங்கமாயிரும்மா" என்று சின்னப் பிள்ளைபோல் முனகினாள்.

"இருங்கக்கா. நகராதீக."

முத்தழகு. முகத்தில் மாஸ்க், அதன்மேல் புருஷனின் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"வேண்டாம் முத்தழகு, கிட்ட வராத. எங்களுக்கு வந்துருச்சு."

"வந்துட்டுப் போகட்டும். எங்க வீட்ல பதிமூணு நாளு தங்கிட்டுப் போன விருந்தாளிதான, மூஞ்சி தெரியாமலா போயிரும்?" சொல்லிக்கொண்டே ரீனாவின் கையைத் தன் தோளில் போட்டு எழுப்பினாள். பிறகு மற்றக் கையை அடைக்கலமேரியின் முன்னால் நீட்டினாள்.

"சாவி."

இடுப்பிலிருந்து அதை எடுக்க அடைக்கலமேரியின் விரல்களுக்கு வெகுநேரம் ஆனது. தேக்குத் துண்டு வியர்வையில் ஊறிக் கறுத்திருந்தது. கொடுக்கும்போது முத்தழகின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரீனாவை அழைத்துப் போனாள், வாசலிலேயே காத்து நின்றாள், கழுவிவிட்டாள், கொண்டுவந்து படுக்க வைத்தாள். திரும்பிப் போய்ப் பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்த சத்தம் கேட்டது. அன்றைக்கு நாலு தடவை. மறுநாள் ஆறு தடவை. கஞ்சி வைத்தாள். அடைக்கலமேரிக்கும் வைத்தாள், அலெக்ஸ் வீட்டு வாசலிலும் ஒரு தூக்கு வைத்தாள். "எங்கக்கா வேதக்காரவுக முற? மூணு வாரத்துக்குச் சேத்துக் கணக்கு இருக்கு, எந்திரிச்சதும் ஒழுங்காக் கழுவிக் குடுங்க" என்று திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு அடைக்கலமேரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நம்பர் தொண்ணூறுக்கு வந்தது. கருவி பொய் சொல்கிறதென்று அடைக்கலமேரி தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்று ஆறு. மறுபடி ரீனாவின் விரலில். எண்பத்து ஒன்பது. உதட்டில் அந்தப் பழைய நீலம். அவள் கத்தினாளா, மூச்சுதான் விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. பொன்னுத்தாயிக்குப் போன் போட்டது முத்தழகு. "காரைக்குடியில படுக்கை ஒண்ணு காலியாகுது, ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டாங்க. ஆம்புலன்சுக்குக் காத்திருந்தா ஆகாது" என்றாள் பொன்னுத்தாயி.

பின்சந்தில் லோடு ஆட்டோ நின்றது. மூன்று நாளாக அங்கேதான் நிற்கிறது என்பது அடைக்கலமேரிக்கு அப்போதுதான் தெரிந்தது. புருவத்துக்கு மேல் ஐந்து தையலும், கைகால் இன்னும் தெளியாத உடம்புமாகக் கருத்தையா, கூப்பிட்ட குரலுக்குக் கேட்க வேண்டுமென்று, பகலெல்லாம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். பின்னால் பாய் விரித்து, வெயிலுக்குத் தார்ப்பாயை மேலே மட்டும் கட்டி, நாலு பக்கமும் திறந்து விட்டிருந்தான்.

"காத்தாடப் போகலாம்க்கா. ஏறுங்க."

ரீனாவைக் குப்புறப் போட்டு, தலையைத் தாயின் மடியில் வைத்தார்கள். வண்டி கிளம்பியது. ஊரடங்கில் சாலை வெறிச்சென்று கிடந்தது. ஒவ்வொரு குழியிலும் கருத்தையா வேகத்தைக் குறைத்தான். மகளின் முதுகு ஏறி இறங்குவதை அடைக்கலமேரி எண்ணினாள். ஒன்று. இரண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் உலகம் நின்றது. ஜெபம் சொல்ல வாய் வரவில்லை. முன்னாலிருந்து மட்டும் குரல் வந்துகொண்டே இருந்தது.

"இந்தா வந்துருச்சுக்கா. பயப்படாதீக. இந்தா வந்துருச்சு."

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அதில் நான்காவது நாளைப் பற்றி அடைக்கலமேரி பிறகு யாரிடமும் பேசியதில்லை. பத்தாவது நாள் ரீனா தன் காலால் நடந்து வெளியே வந்தாள். அதே வண்டியில் வீடு திரும்பினாள்.

பின்கட்டில் இறங்கியதும் அடைக்கலமேரி கருத்தையாவின் முன்னால் கையைக் கூப்பினாள். புருவத்துத் தழும்பைப் பார்த்ததும் கூப்பிய கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா" என்றான் அவன். "பயம் வந்தா பெத்த ஆத்தாளே புள்ளையத் தள்ளிட்டு ஓடுவா. நீங்க புள்ளைய இறுக்கிப் பிடிச்சீக. அம்புட்டுத்தான்."

அவன் சொன்னது கருணை. தான் செய்தது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். கருணை செய்கிறவர்கள் நம் கணக்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். குறைத்துச் சொன்னதை நாமே திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாவி பழையபடி ஆணிக்கு வந்தது. ஆனால் ஒரு விஷயத்தை அடைக்கலமேரி கவனித்தாள். முத்தழகு சாவியை எடுக்க வரும்போது, ஆணிக்கு முன்னால் ஒரு நொடி நின்று, வீட்டுக்குள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினாள். அவளுக்கே தெரியாமல் வந்த பழக்கம் அது. வாய் பழைய கேலியையே பேசியது. கை மட்டும் ஒரு நொடி தயங்கியது. இரண்டு நாள் பார்த்தாள், மூன்று நாள் பார்த்தாள். அந்த ஒரு நொடியைவிடத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம்.

நான்காம் நாள் காலை, அடைக்கலமேரி சுத்தியலை எடுத்துத் தன் சுவரில் இருந்த ஆணியைப் பிடுங்கினாள். நேரே முத்தழகின் வீட்டு வாசலுக்குப் போய், நிலைக்குப் பக்கத்தில் வைத்து அடித்தாள்.

"என்னக்கா காலங்காத்தால எஞ்சுவத்த ஒடைக்கிறீக?"

"இனிமே இங்கதான் தொங்கும்." சாவியை மாட்டினாள். இரண்டெட்டுப் பின்னால் போய் நின்றாள். பிறகு, அந்தப் பின்கட்டில் பத்து வருடமாக ஒருத்தரும் கேட்க வேண்டியிராத கேள்வியைக் கேட்டாள்.

"முத்தழகு, சாவிய எடுத்துக்கிறவா?"

முத்தழகு ஆணியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். அந்த வாய்க்குப் பதில் திரும்ப வர ஒரு கணம் ஆனது.

"இந்த வாரம் உங்க முற. கழுவப் போறவுகளுக்குச் சாவி குடுக்க மாட்டேன்னா சொல்லுவேன்? வாளியையும் சேத்து எடுத்துட்டுப் போங்க."

அடைக்கலமேரி வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் வீட்டுச் சன்னல் திறந்து கிடந்தது. அதன் கீழே கட்டிலில் உட்கார்ந்து ரீனா சத்தம்போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்தி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.